அறுபத்திரண்டு மில்லிமீட்டர் வட்டம்

அரியரை நாம் 'வைக்கிறோம்'. தலையில் பூ வைப்பது போல, வீட்டுக்குப் பெயர் வைப்பது போல. "எத்தனை வச்சிருக்க?" என்று யாராவது கேட்டால், ஆங்கிலத்தில் தலையைக் குனிந்து சொல்லவேண்டிய பதிலைத் தமிழில் சற்று நிமிர்ந்தே சொல்லலாம். அந்தச் சலுகையைக் கடைசிச் சொட்டு வரை அனுபவித்த ஒருவரைப் போன ஆனி மாதம் சந்தித்தேன்.

எத்தனை வருடத்துக்கு முன்னால் படித்தவராக இருந்தாலும், தேறாத பாடத்தைக் கடைசியாக ஒருமுறை எழுதிக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. இருபத்திரண்டு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். வயது நாற்பத்தெட்டு. பாக்கி ஒரே பாடம், இன்ஜினியரிங் டிராயிங். திருநெல்வேலிக்கு வெளியே ஒரு கல்லூரியில் சென்டர். பத்து மணிக்குப் பரீட்சை. ஒன்பதரைக்குக் கரண்ட் போய்விட்டது. கேள்வித்தாள் கம்ப்யூட்டர் வழியாக வரவேண்டும். "இன்னும் இறங்கல, உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டு அட்டெண்டர் மூக்கையா பைக் ஸ்டாண்டைக் காட்டினார்.

அங்கே மூன்று பேர் டிராஃப்டர் என்ற வரைகருவியோடு உட்கார்ந்திருந்தோம். நான், தூத்துக்குடியில் கூட்டுறவு வங்கி ஒன்றில் கேஷியராக இருக்கும் ஜெசிந்தா, சங்கரன்கோவில் பக்கம் ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருக்கும் பொன்னுலிங்கம். மூவருமே ஏறக்குறைய ஒரே வயது.

"இந்தப் பேப்பரை நான் எத்தனை தடவை எழுதியிருக்கேன்னு நினைக்கீங்க, தங்கச்சி?" என்று பொன்னுலிங்கம்தான் ஆரம்பித்தார். "தொண்ணூத்தியேழு."

"வருசத்துக்கு ரெண்டு பரீட்சைதான அண்ணாச்சி நடக்கும்?" என்றார் ஜெசிந்தா, குறிப்பு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்காக நடுவுல நடுவுல வச்சாங்க. அத்தனை ஹால் டிக்கெட்டும் வீட்டுல இருக்கு. அடுக்கிவச்சு விரலால விர்ருன்னு புரட்டினா, போட்டோவுல முடி கொட்டுறது சினிமா மாதிரி ஓடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு லீவு விட்டா அதான் பொழுதுபோக்கு."

ஜெசிந்தா அவர் தலையைப் பார்த்தார். ஆதாரம் மறுக்க முடியாததாக இருந்தது.

"தேறல, சரி. ஆனா டிராயிங்ல நான் பண்ணின காரியத்தை இந்தியாவுல எவனும் பண்ணல" என்று டிராஃப்டரை மடியில் கிடத்திக்கொண்டார். "ஃபர்ஸ்ட் இயர். எங்க கிளாஸ்ல அறுபத்துநாலு பேர். ஒரு இரும்புக் கட்டை. அதை முன்னால இருந்து, மேல இருந்து, பக்கத்துல இருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு வரையணும். படிச்சு வரைஞ்சவன் ஒருத்தன்தான், நாகர்கோவில்காரன், சிதம்பரதாணு. மத்த அறுபத்துமூணு பேரும் ஜி.டி."

கிளாஸ் டிரேசிங். எல்லா ஹாஸ்டலிலும் உண்டு. இரண்டு ஸ்டூலுக்கு நடுவே கண்ணாடி, கீழே பல்பு, மேலே நல்ல பையனின் ஷீட், அதன்மேல் நம்முடைய வெள்ளை ஷீட். தெரிகிற கோட்டையெல்லாம் இழுக்கவேண்டியதுதான்.

"சிதம்பரதாணு குளிக்கப் போயிருக்கான். நான் அவன் ஷீட்டு மேல டீ டம்ளரை வச்சுட்டேன். எங்க மெஸ் டீ எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியாது. அது தரையில கொட்டினா சிமெண்டு பூத்துரும். பேப்பரைக் கேக்கணுமா? எடுத்துப் பார்த்தா வட்டமா ஒரு கறை. அறுபத்திரண்டு மில்லிமீட்டர். கட்டைக்கு நட்டநடுவுல."

"அழிக்க வேண்டியதுதான?"

"ரப்பர்தான் தங்கச்சி அழிஞ்சுது. சரி, போகட்டும்னு நான் முதல்ல ஜி.டி. அடிச்சேன். எனக்கு அடுத்தவன் அடிச்சான். அவனுக்கு அடுத்தவன் அடிச்சான். அறுபத்துமூணு ஷீட்லயும் வட்டம்."

"ஒருத்தனுக்குக்கூடவா இது என்னன்னு கேக்கத் தோணல?"

"ஜி.டி. அடிக்கும்போது கேள்வி கேக்கப்படாது. அதான் அதுல உள்ள சௌகரியம். கடைசியில சிதம்பரதாணு வாரான். எல்லார் ஷீட்டையும் பாக்கான். 'அடப்பாவி, நான் ஒரு ஓட்டையை விட்டுட்டேனே'ன்னு தலையில அடிச்சுக்கிட்டு, கறை மேல காம்பஸை வச்சு அழகா ஒரு சுத்து சுத்துனான் பாருங்க. சென்டர் லைன் போட்டான். பக்கத்துத் தோற்றத்துல புள்ளிக்கோடும் போட்டான். அவனைப் பார்த்து மறுபடியும் அறுபத்துமூணு பேரும் புள்ளிக்கோடு போட்டோம்."

ஜெசிந்தா நோட்டை மூடினார். இதுவரை நானும் நம்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் இருந்த எவரும் நம்புவார்கள்.

"புரொபசர் பாத்தாரு. அறுபத்துநாலு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ண முடியாது, அப்போ தப்பு நம்மகிட்டதான்னு முடிவு பண்ணி, தன் நோட்டைத் திருத்திக்கிட்டாரு. மறுவருசம் அவரே போர்டுல வட்டம் போட்டு நடத்துனாரு. அதுக்கு மறுவருசம் ஒர்க் ஷாப்ல அந்தக் கட்டையைச் செய்யச் சொல்லிட்டாங்க. அறுபத்திரண்டுக்கு டிரில் பிட்டு கிடையாது. லேத்துல கட்டிக் குடைஞ்சாங்க."

"குடைஞ்சு?"

"குடைஞ்சதுக்கு அப்புறம்தான் அதிசயம். கோயம்புத்தூர்ல ஒரு பம்பு கம்பெனிக்காரன் அந்தக் கட்டையை வாங்கி மோட்டாருக்கு அடியில போட்டான். பம்பு சத்தமே இல்லாம ஓடுது. சத்தம் பூரா ஓட்டை வழியாப் போயிருது. தண்ணி அப்படி ஏறுது. எங்க ஊர்ப் பக்கம் எட்டுக் கிணறு வத்திப்போனதுக்கு மழையில்லாதது காரணம் இல்ல சார், அந்தப் பம்புதான்."

"எங்க அப்பா தோட்டத்துக் கிணறும் வத்திச்சு. அதுவும் நீங்கதானா?" என்றார் ஜெசிந்தா.

"எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்து மூணு."

"நான்தான். மன்னிச்சுக்கிடுங்க."

மூக்கையா வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் இறங்கல." போகாமல் தூணில் சாய்ந்து நின்றார்.

"பம்பை ஜப்பான்காரன் வாங்கிட்டுப் போனான். பிரிச்சுப் பாத்தா ஓட்டை. ஏன் அறுபத்திரண்டு? ஏன் அறுபது இல்ல? ஏழு பேர் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு எங்க ஹாஸ்டலுக்கே வந்துட்டான். மெஸ்ஸுல சாப்பாடு போட்டோம். டீ குடுத்தோம். ஒருத்தன் டம்ளரைக் கவுத்து அடியைப் பாத்தான். ஸ்கேலை எடுத்து அளந்தான். ஏழு பேரும் எந்திரிச்சு டம்ளரைக் கும்பிட்டான். மெஸ் மாஸ்டர் டம்ளர் காணாமப் போகப்போகுதுன்னு உள்ள தூக்கிட்டுப் போயிட்டாரு."

"கதை இதோட முடிஞ்சுதா, ராக்கெட் விடணுமா?" என்றார் ஜெசிந்தா.

பொன்னுலிங்கம் அவரை மரியாதையோடு பார்த்தார். "உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா? ராக்கெட்லதான் அடுத்துப் போட்டான். கட்டை நிலாவுல போய் உக்காந்துச்சு. உக்காந்த இடத்துல வட்டமா அழுந்திருச்சு. வர்ற பௌர்ணமிக்குக் கீழ்ப்பக்கமா, இடது ஓரத்துல பாருங்க. அது எங்க மெஸ் டம்ளர்."

"அதை முயலுன்னு சொல்லுவாங்க அண்ணாச்சி."

"முயல் எங்கயாச்சும் வட்டமா இருக்குமா, நீங்களே சொல்லுங்க."

மூக்கையா தூணிலிருந்து நிமிர்ந்தார். "நிலா வரைக்கும் போனவரு, பாஸ் மட்டும் ஏன் ஆகல?"

அந்தக் கேள்வி ஏதோ செய்தது. பொன்னுலிங்கம் டிராஃப்டரின் திருகைத் தளர்த்தினார், முறுக்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையின் புரூஃப். மணமகள் கோமதி, பி.டெக். அதற்கு மேலே, 'எங்கள் அன்பு மகள்' என்பதற்கும் மேலே, 'சு. பொன்னுலிங்கம், பி.இ.'

"தொண்ணூத்தெட்டுல எங்க அக்கா கல்யாணம். நான் ஃபைனல் இயர். எப்படியும் பாஸாயிருவான்னு பிரஸ்ஸுக்காரர் பொண்ணோட தம்பி வரிசையில பி.இ. போட்டுட்டாரு. எங்க அப்பா அந்தப் பத்திரிகையை மடியிலயே வச்சிருந்தாரு. நான் என்ன சொல்ல? அடுத்து என் கல்யாணம். மாதிரிக்குப் பழைய பத்திரிகையை எடுத்துட்டுப் போனாங்க. பி.இ. அப்படியே வந்துருச்சு. காதுகுத்து, புதுமனை, கோயில் கொடை நோட்டீஸ், எங்க அப்பா செத்தப்போ அடிச்ச போஸ்டர், எல்லாத்துலயும் பழசைப் பாத்துப் புதுசு அடிச்சாங்க."

அவர் குரலில் இப்போது ஏற்ற இறக்கம் இல்லை.

"சம்பந்தி காலேஜ் பிரின்சிபாலா இருந்து ரிட்டயர் ஆனவரு. 'பட்டமளிப்பு போட்டோ ஒண்ணு ஹால்ல மாட்டலியா?'ன்னு சும்மாதான் கேட்டாரு. அன்னைக்கு ராத்திரி பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். 'பொய்யான எழுத்துக்குக் கீழ என் பேரைப் போடாதீங்க'ன்னா. எட்டு நாளா எங்கிட்டப் பேசல. பிரஸ்ஸை நிறுத்தி வச்சிருக்கேன். இன்னைக்குப் பரீட்சையை நல்லா எழுதிட்டா தைரியமா அடிக்கச் சொல்லிரலாம்னு."

"இதுவும் சிதம்பரதாணு ஷீட்டுதான்" என்றார் ஜெசிந்தா மெதுவாக. "கறை மேல எல்லாரும் காம்பஸ் வச்சிருக்காங்க."

உள்ளே மணி அடித்தது. கேள்வித்தாள் இறங்கிவிட்டது.

நாங்கள் முதன்முதலில் தோற்றபோது பிறந்தே இராத ஒரு பையன் சூப்பர்வைசராக வந்து எங்களை 'சார்', 'மேடம்' என்று அழைத்து ஷீட் கொடுத்தான். நான்காவது கேள்வி ஒரு இரும்புக் கட்டை. நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, முறையான அளவோடு, முறையான சென்டர் லைனோடு. அதை வரைய எனக்கு ஐந்து நிமிடம் கை வரவில்லை. முன்பெஞ்சில் பொன்னுலிங்கம் டிராஃப்டரை மார்போடு அணைத்தபடி குனிந்திருந்தார். மூன்று மணி நேரமும் நிமிரவில்லை.

வெளியே வந்ததும் ஜெசிந்தா கேட்டார். "என்ன அண்ணாச்சி, நூத்துக்கு நூத்திப்பத்தா?"

"அம்பது வரலாம். நாப்பத்தெட்டும் வரலாம்" என்றார் பொன்னுலிங்கம். ஐம்பதுதான் பாஸ்.

"மேலுக்கு முடியலையா? காய்ச்சலா?"

அவர் பிரஸ்ஸுக்குப் போன் போட்டார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற ஆள். "எலே சங்கரபாண்டி, பத்திரிகை விஷயம். ரிசல்ட் வர ரெண்டு மாசம் ஆகும், கல்யாணம் இருபதே நாள்ல. அதனால அந்த பி.இ.யை எடுத்துரு. பேரை மட்டும் போடு."

மஸ்கட்டில் பெரிய பெரிய ஆட்கள் பெரிய பெரிய முடிவுகளை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் முகத்திலும் இவ்வளவு வியர்வையைப் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி" என்றது போன். "காலையிலயே ஓட்டிட்டேன். முகூர்த்த மாசம், மெஷின் சும்மா நிக்கலாமா? எழுநூறும் கட்டி வச்சாச்சு."

"பி.இ.யோடவா?"

"அதைத்தான் சொல்ல வாரேன். சம்பந்தி பேருக்குப் பின்னால எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., பிஎச்.டி.ன்னு முழ நீளத்துக்குப் போகுது. நம்ம பக்கம் பி.இ. மட்டும் மொட்டையா நிக்குது. டிசைன் ஒரு பக்கமா சாயுது, பாக்கச் சகிக்கல. அதனால எம்.இ.ன்னு ஒண்ணு நானே சேத்துட்டேன். இப்போ ரெண்டு பக்கமும் எடுப்பா இருக்கு."

பொன்னுலிங்கம் பைக் ஸ்டாண்டின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே இன்னொரு எண்ணை அழுத்தினார். மணி நெடுநேரம் அடித்தது.

"ம்" என்றது ஒரு பெண் குரல்.

"கோமதி, அப்பா பி.இ. வேண்டாம்னு சொல்லிட்டேம்மா. நெசமாத்தான். ஆனா அதுக்குள்ள பிரஸ்ஸுல எம்.இ.யும் சேத்து அடிச்சுட்டான்."

"அப்பா" என்றாள் அந்தப் பெண், களைப்போடு. "புளுகுறதுக்கும் ஒரு அளவு இருக்கு."

அவர் போனை என்னிடம் நீட்டினார். "சார், நீங்க கேட்டீங்கள்ல, சொல்லுங்க." நான் வாங்கி, அப்பா சொல்வது உண்மைதானம்மா என்றேன். நான் யார் என்று கேட்டாள். அவரோடு அரியர் எழுத வந்தவன் என்றேன்.

"நீங்களும் அவரு செட்டுதானா" என்றாள்.

ஜெசிந்தா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "தாயி, நான் தூத்துக்குடி ஜெசிந்தா. காலையில இருந்து உங்க அப்பா வாயைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். எங்க அப்பா கிணத்தையும் நான்தான் வத்த வச்சேன்னு ஒத்துக்கிட்டாரு. அவர் சொன்னதுல பத்திரிகை விஷயம் ஒண்ணுதான் நெசம். எடுத்துருன்னு அவர் வாயாலயே சொன்னதைக் காதால கேட்டேன்."

அவள் துண்டித்துவிட்டாள் என்றே நினைத்தோம். பொன்னுலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிலாவுல டம்ளர் கதை சொன்னாரா?" என்று கேட்டது குரல்.

"சொன்னாரு."

"வட்டம் எத்தனை மில்லிமீட்டர்னாரு?"

"அறுபத்திரண்டு."

"எங்கிட்ட அம்பத்தெட்டுன்னாரு." பிறகு, "வரும்போது எழுநூறு ஸ்டிக்கர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க, அக்கா. ரெண்டு பேருமா உக்காந்து அந்த எழுத்து மேல ஒட்டிருவோம்."

"சொல்லுதேன் தாயி."

"வட்ட ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க."