பச்சை விளக்கு எரிந்த மானிட்டர்

“மாஸ்டர், மானிட்டர் செத்துப்போச்சு.”

வந்தவளைச் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் தணிகாசலம் சொன்னார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டிய குரல் அன்று கம்மிப் போயிருந்தது.

அவர் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்ட ஷம்ஷாத்துக்கு முப்பத்து நாலு வயது. மார்க்கெட் தெருவில் டிவி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். நாலு மாதமாக ஞாயிறுதோறும் அங்கே போய் முக்காலியில் உட்கார்ந்து தொழில் கற்கிறார் மனுஷர். கற்றது கொஞ்சம், கழற்றியது நிறைய. வீட்டு மிக்ஸி இன்னும் மூன்று டப்பாக்களில் இருக்கிறது.

“என்ன செஞ்சீங்க, சார்?”

“பின்பக்கம் நாலு ஸ்க்ரூ கழட்டினேன்.”

“கரண்ட்டோடவா?”

“சுவிட்சை அணைக்கத்தான் போனேன். இவ விடல.”

அவர் மனைவி புனிதவதி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜங்ஷன் பாக்ஸை உள்ளங்கையால் மூடியிருந்தாள். கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் சேர்த்து அந்த ஒரு சுவிட்சுதான்.

“அணைச்சா என் கதை போயிடும்மா,” என்றாள்.

“சேமிக்கலையா?”

“அது எப்படின்னு தெரியாது. கம்ப்யூட்டரை அணைக்கவே மாட்டேன். மானிட்டரை மட்டும் அணைச்சுட்டுப் போய்ப் படுத்துப்பேன். மூணு நாளா அடிச்சது. போட்டிக்கு இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பணும்.”

ஷம்ஷாத் தலைமையாசிரியரைப் பார்த்தாள்.

“சொல்லித் தரலையா, சார்?”

“அவ கேக்கல.”

“மூணு தடவ கேட்டேன்,” என்றாள் புனிதவதி. “அப்புறம்னாரு.”

அது உண்மை. ஒரு பக்கம் படித்துக் காட்டட்டுமா என்று அவள் கேட்டபோதும் அப்புறம் என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டு வருஷமாக அவள் நோட்டில் எழுதுகிறாள்; நேராகக் கம்ப்யூட்டரில் அடித்தது இதுதான் முதல் தடவை. ஒரு வரி அவர் படித்ததில்லை.

அன்று மாதாந்திர மின்தடை. ஐந்து மணிக்குத்தான் கரண்ட் வரும். காலையிலிருந்து தாங்கிய இன்வெர்ட்டர் இப்போது விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்திருந்தது.

“எவ்வளவு நேரம் தாங்கும், மாஸ்டர்?”

“பத்து நிமிஷம். குறையவும் செய்யலாம்.”

கடைக்குப் போய் வேறு மானிட்டர் தூக்கி வர இருபது நிமிஷம் ஆகும். தணிகாசலம் மறுபடி மானிட்டரிடம் போனார். ஸ்க்ரூடிரைவரை இறுக்கிப் பிடித்தார்.

“மூடியைத் திறந்துடறேன், மாஸ்டர். உள்ள எது செத்திருக்குன்னு பார்த்துடலாம்.”

“கீழ பச்சை விளக்கு எரியுதா, சார்?”

“எரியுது.”

“அப்ப செத்தது யாரு?”

அவருக்குக் கோபம் வந்தது. விடுகதை போடும் நேரமா இது?

“திரை கன்னங்கரேல்னு இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல.”

“பார்த்தீங்களா?”

“அதான் ஒரு மணி நேரமா பார்த்துக்கிட்டு நிக்கிறேனே.”

ஷம்ஷாத் போய் ஜன்னல்களைச் சாத்தினாள். மத்தியான அறை இருண்டது. அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு ஒரு டார்ச்சைக் கொடுத்தாள்.

“திரையை ஒட்டி, சாய்ச்சுப் பிடிங்க.”

பிடித்தார். கறுப்புத்தான் தெரிந்தது.

“இன்னும் சாய்ங்க. கிட்ட போய்ப் பாருங்க.”

மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். டார்ச் வட்டத்துக்குள் மங்கலாக ஏதோ தெரிந்தது. வரி வரியாக எழுத்து.

“இருக்கு,” என்றார். “புனிதா, இருக்கு.”

“இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. பின்னாடி எரியுற விளக்குதான் போச்சு,” என்றாள் ஷம்ஷாத். “அம்மா, நீங்க கீபோர்டுக்கு வாங்க. சார், ஆட்டாதீங்க.”

இன்வெர்ட்டர் இடைவிடாமல் கத்தத் தொடங்கியது.

ஷம்ஷாத் சொல்லச் சொல்லப் புனிதவதி இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். திரையில் ஒரு பெட்டி முளைத்தது.

“வெளிச்சம் கீழ, சார். கீழ.”

வெளிச்சம் இறங்கவில்லை; அவர் கண் கதையின் வரிகளிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

“சார்.”

அவர் திடுக்கிட்டு இறக்கினார்.

“பேர் கேக்குதும்மா.”

“இன்னும் பேர் வைக்கலையே.”

“ஏதாவது ஒண்ணு அடிங்க.”

புனிதவதி ஓர் எழுத்தை அடித்து என்டரைத் தட்டினாள். பெட்டி மறைந்தது.

“சேமிச்சாச்சு,” என்றாள் ஷம்ஷாத்.

சொல்லி வாய் மூடுவதற்குள் இன்வெர்ட்டர் ஓய்ந்தது. கம்ப்யூட்டரின் இரைச்சல் அடங்கியது. பச்சை விளக்கும் அணைந்தது.

புனிதவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஷம்ஷாத் ஜன்னலைத் திறந்தாள்.

“அஞ்சு மணிக்குக் கடை மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டித் தரேன். நிதானமா அனுப்பலாம்மா.” ஸ்க்ரூடிரைவரை அவரிடம் நீட்டினாள். “இப்பப் பிளக்கைப் பிடுங்கிட்டு ஆசை தீரக் கழட்டுங்க, சார்.”

தணிகாசலம் அதை வாங்கவில்லை. எதுவும் இல்லாத திரையின்மேல் இன்னும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“புனிதா,” என்றார். “பஸ் நின்ன பிறகும் அந்தப் பொண்ணு எந்திரிக்காம உக்காந்திருந்தாளே. கடைசியில இறங்கினாளா?”