மேல் ஸட்ஜத்துக்கு முன்னால்

உறையூரில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்த மரகதவல்லிக்கு வயது இருபத்தெட்டு. அவளுடைய சீடன் தணிகைவேல் அவளைவிட மூத்தவன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் குடும்பத்திலிருந்து பாட வந்த முதல் ஆள் அவன்தான்.

அவனுடைய முதல் கச்சேரிக்கு முந்தைய நாள். பயிற்சி முடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், நாளைக்கு ஆலாபனையை விட்டுடலாமா? நேரா பாட்டுக்கே போயிடறேன்."

"ஏன்?"

"எங்க தெருவே வருது. வார்த்தையே இல்லாம ராகத்தை மட்டும் இழுத்துக்கிட்டிருந்தா எழுந்து போயிடுவாங்க. அப்புறம் எனக்குக் குரலே எழும்பாது."

"போனா போகட்டுமே."

"உங்களுக்கென்ன! எங்க செங்கமலம் அத்தை சும்மா போகாது. 'வாங்கடி, சோறு ஆறுது'ன்னு நாலு பேரைக் கூட்டிக்கிட்டுத்தான் போகும்."

மரகதவல்லி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"ஒண்ணு படிச்சேன் டீச்சர். பாட்டு கேட்கும்போது அடுத்து எந்த ஸ்வரம் வரும்னு மூளை முன்கூட்டியே எதிர்பார்க்குதாம். அது தள்ளிப்போகப் போக உள்ளே இறுகுது. வந்து சேர்ந்ததும் ஒரு சுகம். ஆனா அதெல்லாம் கேட்டுப் பழகின மூளைக்குத்தானே? எங்க ஆளுங்க எதை எதிர்பார்ப்பாங்க? சாப்பாட்டையா?"

அவள் தம்புராவை உறையில் போட்டாள்.

"கல்யாணி ராக ஆலாபனையே பாடுங்க. நிஷாதத்துல நில்லுங்க. எப்பவும்போல பயந்துக்கிட்டு மேல் ஸட்ஜத்துக்கு ஓடாதீங்க."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"நாளைக்குத் தெரியும்."

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் சங்கீதம் தெரிந்தவர்கள். பின்னால் அவனுடைய தெரு.

கல்யாணி படிப்படியாக மேலே போனது. அவன் ஏழாவது ஸ்வரமான நிஷாதத்தைத் தொட்டான். மேல் ஸட்ஜத்துக்கு ஒரே படிதான் மிச்சம். ஒத்திகைகளில் அவனுடைய அவசரம் பழகிப்போன வயலின்காரர் ஸட்ஜத்தில் விரலைக் கொண்டுபோய் வைத்தே விட்டார். அவன் அங்கே வரவில்லை. அவர் வில்லை இழுக்காமல் விரலை எடுத்துக்கொண்டார்.

தணிகைவேல் நின்றான். கீழே இறங்கி, மறுபடி நிஷாதத்துக்கே வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு வேறு வழியாகச் சுற்றினான். அங்கேயே வந்து நின்றான்.

போதுமா என்று முன்வரிசையில் இருந்த மரகதவல்லியைப் பார்த்தான். அவள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் அங்கே பார்த்தான். அத்தையின் கையில் விசிறி பாதியில் நின்றிருந்தது. பக்கத்து வீட்டு மாணிக்கம் வாயில் போட்ட முறுக்கை மெல்லவில்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நிஷாதத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"அட, ஏறித் தொலையேண்டா! மூச்சு முட்டுது!"

செங்கமலம் அத்தை எழுந்தே நின்றுவிட்டாள். முன்வரிசைகள் திரும்பி முறைத்தன.

அவன் ஏறினான். மேல் ஸட்ஜம் வந்ததும் மண்டபம் மொத்தமும் மூச்சு விட்டது. முறைத்தவர்களும்தான். அத்தை தொப்பென்று உட்கார்ந்து, முன்னால் இருந்த முன்பின் தெரியாதவர் தோளைத் தட்டி, "எங்க அண்ணன் மகன்" என்றாள்.

கச்சேரி முடிந்து, எல்லாரும் கைகொடுத்துப் போன பிறகு, அவன் மரகதவல்லியிடம் வந்தான்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். சபைன்னு பார்க்காம அத்தை கத்திடுச்சு. அதுக்கு சங்கீதம் தெரியாது."

"இறங்கச் சொல்லியா கத்தினாங்க?"

"இல்ல. ஏறச் சொல்லுச்சு."

"நீங்க ஏற வேண்டிய இடம் மேலே இருக்குன்னு அவங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"