ஆயர் வாய் மூடிய ஞாயிறு

முத்தளைத்துறை அரசன் செம்பியராயனுக்குத் திடீரென்று போர்மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் கப்பல் இல்லை. "மீனவர்களின் படகுகளைப் பிடுங்குங்கள்!" என்று உத்தரவிட்டான்.

ஞாயிறு பூசையில் சந்தியாகு ஆயர் போட்டு உடைத்தார்: "படகைப் பிடுங்கிவிட்டால் மீனவன் நீந்திப் போயா மீன் பிடிப்பான்? இது அநியாயம்!"

அவ்வளவுதான். படகு கேட்டு வந்த சேவகர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அமைச்சர் பூதலிங்கம் அரசன் காதில் ஓதினார். "சாமியாருக்கு எதற்கு அரசியல்? அவர் வாயைக் கட்டுங்கள், மகாராஜா."

அரசன் முழங்கினான். "இனி ஆயர் அரசியலில் ஒரு சொல் பேசினாலும் மாதா கோயிலுக்குப் பூட்டு! கஸ்பார், போய்ச் சொல்லிவிட்டு வா."

கஸ்பார் அரசவையின் குறும்புக்காரன். மீனவக் குப்பத்தில் பிறந்தவன். சேதி கேட்டு ஆயர் கலங்கினார். "பேசினால் கோயில் போகும். பேசாவிட்டால் படகு போகும். என்னடா செய்வேன்?"

"உத்தரவை அப்படியே நிறைவேற்றுங்கள், ஆண்டவரே. துளி பாக்கியில்லாமல்!" என்ற கஸ்பார் காதோடு ஏதோ சொன்னான். ஆயரின் வெண்தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது.

பூசை முடிவில் அரசர் நீடூழி வாழ மன்றாடுவது அந்த ஊர் வழக்கம். அந்த ஞாயிறு ஆயர் மன்றாடவில்லை. "அரசருக்கு என்ன?" என்று ஜனங்கள் கேட்டார்கள். ஆயர் உதட்டில் விரலை வைத்தார்.

சேதி சந்தை தாண்டுவதற்குள் அரசனுக்குக் காய்ச்சல் என்றார்கள். கள்ளுக்கடையில் அது பாம்புக்கடி ஆயிற்று. அரண்மனை வாசலை எட்டியபோது ஒப்பாரியே எழுந்துவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அரசன் கேட்டான். "யாரடா செத்தது?"

"தாங்கள்தான், மகாராஜா" என்றான் காவலன்.

"பூதலிங்கம் எங்கே?"

"இளவரசருக்கு மாலை போடப் போயிருக்கிறார்."

ஆயரும் கஸ்பாரும் சபைக்கு இழுத்துவரப்பட்டார்கள். "எனக்காக ஏன் மன்றாடவில்லை?" என்று அரசன் சீறினான். ஆயர் மௌனமாகக் கஸ்பாரைக் காட்டினார்.

"அரசியல் பேசக் கூடாது என்றது தாங்கள்தானே?" என்றான் கஸ்பார். "தாங்கள் உயிரோடிருப்பதைவிட இந்த நாட்டில் பெரிய அரசியல் ஏது, மகாராஜா?"

 அரசனின் மீசை முதலில் துடித்தது. பிறகு தொந்தி குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றிக் கஸ்பார் கழுத்தில் போட்டான்.

"ஒருமுறை செத்ததே போதும். போரும் வேண்டாம், படகும் வேண்டாம். ஆயரே, ஓடிப்போய் நான் உயிரோடிருப்பதாக ஒரு வார்த்தை சொல்லும். மாடத்தில் நின்று நானே கத்தினேன், ஒருத்தனும் நம்பவில்லை!"