நீலத் தூணுக்கு என்ன விலை?

முன்னொரு காலத்தில் பூங்குன்றை நாட்டைக் கனகபூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மண்டைக்குள் ஓர் ஆசை புகுந்துவிட்டால், யானையைக் கட்டி இழுத்தாலும் அதை வெளியே எடுக்க முடியாது. சகுனம் பார்ப்பதிலோ அவரை மிஞ்ச ஆளில்லை. பல்லி சொல்லாமல் பல்கூடத் துலக்க மாட்டார்.

ஒருநாள் சபைக்கு வந்த புலவர், "மாணிக்கச் சுவரும் மரகதக் கூரையும் நீலத் தூணும் கொண்ட மாளிகையில் வீற்றிருக்கும் மன்னவா" என்று பாடினார். ராஜா அண்ணாந்து பார்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்த கூரையில் இரண்டு வௌவால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"புலவரே, நீர் பாடுகிற மாளிகையில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டார் ராஜா.

அந்த நேரம் பார்த்துப் பொக்கிஷ அதிகாரி பராங்குசர் எழுந்தார். மந்திரி திருமலைக்கொழுந்தின் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

"மகாராஜா, பாட்டில் உள்ளதைக் கட்டிவிட்டால் போயிற்று. செலவை மந்திரியார் கணக்கிட்டுச் சொல்லட்டும். கல்லுக்கா பஞ்சம்? வீட்டுக்கு வீடு பெண்கள் மூக்கில் கல் மின்னுகிறது, தாலிக்கயிற்றில் பவளம் தொங்குகிறது. வரியாக வாங்கிக்கொள்வோம்."

ராஜாவுக்கு அது தேனாக இனித்தது. "மந்திரியாரே, அமாவாசைக்குள் செலவைச் சொல்லும். கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. முடியாவிட்டால் உம் ஆசனம் பராங்குசருக்கு."

திருமலைக்கொழுந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். பெரிய செலவு என்றால் பெரிய வரி. சின்னச் செலவு என்றால் நாளைக்கே கடைக்கால் தோண்டிவிடுவார்கள். தெரியாது என்றாலோ பராங்குசர் மந்திரியாகிவிடுவார், வரி குதிரையேறி வரும். எப்படிச் சொன்னாலும் ஊர்ப் பெண்களின் கழுத்துப் பவளம் சுவருக்குத்தான் போகும்.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த மனைவி குமுதவல்லியின் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மூக்கில் என்ன எழுதியிருக்கிறது?" என்றாள் அவள்.

"அந்தச் சிவப்புக்கல் எப்போது வாங்கியது?"

"நல்ல கேள்விதான். கல்யாணத்துக்கு உங்கள் அம்மா முதலில் நீலம்தானே வாங்கினார்கள்? தலைமாட்டில் மூன்று ராத்திரி வைத்துப் பார்த்தால்தான் நீலம் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியும், அதுவரை விலை பேசக்கூடாது என்றார்கள். முதல் ராத்திரியே பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை வாங்கினோம்."

மந்திரி இலையைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று" என்றார்.

மறுநாள் சபையில் அவர் சொன்னார்: "மகாராஜா, நீலத் தூணிலிருந்து கணக்கைத் தொடங்கலாம் என்று பார்த்தேன். நீலத்தை வாங்குகிறவர் தலைமாட்டில் வைத்துப் பார்க்காமல் விலை பேசுவது வழக்கமில்லை. மாளிகையோ தங்களுடையது. ஆகவே ஒவ்வொரு கல்லையும் தாங்கள்தான் பார்க்க வேண்டும்."

"வாஸ்தவம்தான். ஆகாத கல் ஆளையே விழுங்கிவிடும்" என்றார் ராஜா. பொக்கிஷத்திலிருந்து ஒரு நீலக்கல் வந்தது.

விடிந்ததும் ராஜா நொண்டிக்கொண்டு வந்தார். கட்டிலை விட்டு இறங்கும்போது கால் பெருவிரல் இடித்துக்கொண்டதாம். அந்தக் கல் போயிற்று. அடுத்த கல்லை வைத்த மறுநாள் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அதுவும் போயிற்று. அதற்கடுத்த கல்லுக்குப் பட்டத்து யானை தும்மியது. பிறகு வந்த கல்லுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. என்னவோ பெரிதாக நடக்கப்போகிறது என்று ராஜா விடிய விடிய உட்கார்ந்திருந்தார். ராணி தலையணையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

சிவந்த கண்களோடு சபைக்கு வந்த ராஜா, "ஒரு தூணுக்கு எத்தனை கல் வேண்டும்?" என்று கேட்டார்.

"ஒரு மரக்கால் நெல்லில் எத்தனை மணியோ அத்தனை, மகாராஜா. சுவரை நான் இன்னும் தொடவே இல்லை."

ராஜாவின் முகம் தொங்கிப்போனது. காரியம் கெட்டுவிடும் என்று பராங்குசர் முந்திக்கொண்டார். "மகாராஜா ஏன் சிரமப்பட வேண்டும்? தங்களுக்குப் பதிலாக அத்தனை கல்லையும் மூட்டையாகக் கட்டி நான் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறேன். எனக்கு எதுவும் ஒத்துக்கொள்ளும்."

"பேஷாகப் படுக்கட்டும்" என்றார் மந்திரி பணிவாக. "கல் யாருக்கு ஒத்துக்கொள்கிறதோ அவருக்குத்தான் மாளிகையில் வாழும் யோகம்."

ராஜா மெதுவாகத் திரும்பினார். "அப்படியா பராங்குசரே? என் மாளிகை உமக்கு ஒத்துக்கொள்ளுமா?"

பராங்குசர் இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். "ஐயோ, இல்லை மகாராஜா. எனக்கு நீலம் ஆகவே ஆகாது. பிறந்ததிலிருந்தே ஆகாது."

"விரலில் என்ன?" என்று கேட்டார் ராஜா.

விரலில் கிடந்த நீலக்கல் மோதிரத்தை அவர் உள்பக்கமாகத் திருப்பினார். சபை கொல்லென்று சிரித்தது.

"நீலம் ஆகாதவர் நீலம் இருக்கிற இடத்தில் இருக்கலாமா?" என்றார் ராஜா. "பொக்கிஷச் சாவியைக் கீழே வையும். நெற்களஞ்சியத்துக்குப் போம். நெல் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும்."

பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். "மந்திரியாரே, கணக்கை முடித்துச் சொல்லும். செலவு என்ன?"

"கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். தங்கள் ஆயுளின் தூக்கம் முழுவதும். அதில் முன்பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முன்பணம் போனால் போகட்டும். பேரத்தை முறித்துவிடும்" என்று தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். போட்ட கையோடு படுக்கைக்குப் போய்விட்டார்.

திருமலைக்கொழுந்து வெளியே வந்தார். அரண்மனை வாசலில் வரிச் செய்தி கேள்விப்பட்டு, தாலிக்கயிற்றைக் கையில் பற்றியபடி ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். வரியை ஊருக்கு அறிவிக்கப் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பறையறைபவனும் தயாராக நின்றிருந்தான்.

"என்ன அறைய வேண்டும், ஐயா?" என்று கேட்டான்.

"ஒன்றும் வேண்டாம்" என்றார் மந்திரி. "சத்தம் போடாமல் எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். ராஜா தூங்குகிறார்."