பாறை உச்சியில் நடந்த கூட்டம்

மலையடிவாரத்தில் ஒரு மடு இருந்தது. அதில் ஆமைகளும் தவளைகளும் நீர்நாய்களும் வாழ்ந்தன. கரையை ஒட்டிய காட்டில் மிளா மான்களும் காட்டுப்பன்றிகளும் இருந்தன. மேலே பாறைகளில் வரையாடுகள் மேய்ந்தன. மரங்களில் கருமந்திகள் தாவின. எல்லாவற்றுக்கும் தண்ணீர் அந்த ஒரே மடுவில்தான்.

அதனால் அவை தங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தன. மழைக்காலம் முடிந்ததும் கரையில் கூடி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். தலைவர் இஷ்டத்துக்கு எதையும் செய்துவிட முடியாது. கூட்டம் கூட்டி எல்லோரையும் கேட்க வேண்டும். பாதிக்கு மேல் சரி என்றால்தான் அது சட்டம்.

அந்த வருடம் ஒரு மிளா தலைவரானது. கிளைகிளையாகக் கொம்பு, கம்பீரமான குரல். அதைவிட முக்கியம், காட்டுப்பன்றிகள் அதற்காகக் காடு முழுக்க அலைந்து ஆதரவு திரட்டியிருந்தன. சும்மா திரட்டவில்லை. மடுவின் கிழக்குக் கரையில் ஈரமான மணல்திட்டு ஒன்று உண்டு. கோடையில் புரள அதைவிட நல்ல இடம் கிடையாது. அதை வாங்கித் தருவதாக மிளா பன்றிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது.

ஆனால் ஆமைகள் முட்டையிடுவது அந்த மணலில்தான். கூட்டத்தில் கேட்டால் ஆமைகள் எதிர்க்கும். தவளைகளும் கூடச் சேரும். மிளா யோசித்தது. பிறகு ஒருநாள், கரையில் சேறும் கொசுவும் அதிகமாகிவிட்டன, இனிக் கூட்டம் பாறை உச்சியில் நடக்கும், அங்கே நல்ல காற்று வருகிறது என்று அறிவித்துவிட்டது.

தவளைகள் பாறையில் பாதி தூரம் தாவிப் பார்த்தன. தோல் காய்ந்து திரும்பின. நீர்நாய்கள் ஒன்றிரண்டு தடவை ஏறிப் பார்த்துவிட்டு, கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டன. ஆமைகள் ஏற நினைக்கவே இல்லை.

உச்சியில் கடைசியில் மிஞ்சியவை மிளாக்கள், பன்றிகள், வரையாடுகள், கருமந்திகள். அங்கே மிளா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூட்டத்துக்கு வராதவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவார்கள். வரையாடுகளுக்கும் கருமந்திகளுக்கும் அதில் நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. தலையாட்டின. அடுத்த கூட்டத்தில் மணல்திட்டு பன்றிகளுக்குப் போயிற்று. ஏகமனதான தீர்மானம் என்று கருமந்தி ஒன்று மரத்திலிருந்து மடுவைப் பார்த்துக் கூவியது.

மறுநாளே பன்றிகள் வந்தன. ஓர் ஆமை அப்போதுதான் முட்டையிட்டு, மணலை மூடிவிட்டு, நீருக்குள் இறங்கியிருந்தது. பன்றிகள் மூக்கால் மணலைக் கிளறின. முட்டைகள் வாயில் நொறுங்கும் சத்தம் ஆமைக்குக் கேட்டது. அது கத்தியது, கெஞ்சியது. ஒரு பன்றி தின்றுகொண்டே, இது இப்போது எங்கள் இடம், கேட்பதானால் தலைவரைப் போய்க் கேள் என்றது.

மாலையில் மிளா தண்ணீர் குடிக்க வந்தது. ஆமை நேராக அதன் முன்னால் போய் நின்றது.

"என் பிள்ளைகளைத் தின்றுவிட்டார்கள். அந்த மணலை அவர்களுக்கு யார் கொடுத்தது?"

மிளா நிதானமாகக் குடித்து முடித்தது. "எல்லோரும் சேர்ந்துதான் கொடுத்தோம். நீங்களும்தான்."

"நான் கூட்டத்துக்கே வரவில்லையே."

"வராதவர் சம்மதித்தவர். அதுதான் சட்டம். ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லியிருக்கலாமே அம்மா. பாறை எல்லோருக்கும் பொதுதானே? உங்களை யார் தடுத்தது?"

பன்றிகள்மீது வந்த கோபத்தைவிட, இந்தத் தேன் தடவிய பேச்சின்மீது வந்த கோபம் ஆமைக்குப் பெரிதாக இருந்தது. பன்றிகள் தின்றதைத் தின்றோம் என்று சொல்லின. இதுவோ, பறித்ததை நீயே கொடுத்தாய் என்கிறது.

ஆமை நீர்நாயிடம் போய், உச்சிக்கு வந்து தனக்காகப் பேசச் சொன்னது. நீர்நாய் வருத்தப்பட்டது. ஆனால் மணல் விவகாரம் ஆமைகள் பாடு என்று சொல்லி நழுவிவிட்டது.

கொஞ்ச நாளில் இன்னொரு தீர்மானம் வந்தது. தலைவரின் தூக்கம் கெடுவதால் தவளைகள் இனிக் கத்தக் கூடாது. அதுவும் ஏகமனதாக. அடுத்து, நீர்நாய்கள் மீன் பிடித்தால் தண்ணீர் கலங்குகிறது, ஆகவே மடுவில் இறங்கக் கூடாது. அதுவும் ஏகமனதாக. இப்போது நீர்நாய் ஓடி வந்தது.

"ஆமையக்கா, என்ன செய்வது?"

"நான் ஏறப் போகிறேன்."

"நீங்கள் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் முடிந்துவிடுமே?"

"முடியட்டும். அடுத்த கூட்டம் வரைக்கும் அங்கேயே கிடப்பேன்."

ஆமை ஏறியது. வழுக்கி விழுந்தது. கவிழ்ந்து கிடந்து, கழுத்தை ஊன்றிப் புரண்டு, மறுபடி ஏறியது. வயிற்றோடு தேய்ந்து தேய்ந்து உச்சிக்குப் போனபோது அங்கே யாரும் இல்லை. குளம்படிகள் மட்டும் இருந்தன. அது ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டது. பகலெல்லாம் கல் கொதித்தது. விடியலில் பாசியில் படிந்த பனியை நக்கியது. கீழே மடு பளபளவென்று தெரிந்தது. அது அசையவில்லை.

ஒருவழியாகக் கூட்டம் வந்தது. ஒரு பன்றி எழுந்து, இனி வருடாவருடம் தேர்தல் வேண்டாம், மிளாவே தலைவராகத் தொடரட்டும் என்றது. ஆட்சேபம் உண்டா என்று மிளா வழக்கம்போலக் கேட்டது.

"உண்டு" என்றது ஆமை, இடுக்கிலிருந்து.

எல்லாம் திடுக்கிட்டுத் திரும்பின. மிளா சீக்கிரமே சமாளித்துக்கொண்டது. ஒரே ஓர் ஆட்சேபம்தான், கீழே இருப்பவர்கள் அத்தனை பேரும் சம்மதம் என்றது.

"வராதவர் சம்மதித்தவர் என்கிற சட்டத்துக்கு நாங்கள் எப்போது சம்மதித்தோம்?"

"அந்தக் கூட்டத்துக்கும் நீங்கள் வரவில்லையே அம்மா."

பன்றிகள் சிரித்தன. மிளாவிடம் பேசிப் பயனில்லை என்று அது வரையாடுகள் பக்கம் திரும்பியது.

"நாளைக்கு ஒரு கருமந்தி தலைவரானால், கூட்டத்தை மரத்து உச்சியில் வைக்கும். அங்கே காற்று இன்னும் நன்றாக வரும். நீங்கள் அடியில் நிற்பீர்கள். உங்கள் புல்வெளியைப் பிடுங்கிக்கொண்டு, நீங்களே கொடுத்தீர்கள் என்று மேலிருந்து கூவுவார்கள். போய்க் கேட்டால், மரம் எல்லோருக்கும் பொதுதானே, உங்களை யார் தடுத்தது என்பார்கள். அப்போது என்ன சொல்வீர்கள்?"

கருமந்திகள் தங்கள் விலாவைச் சொறிந்துகொண்டு வேறெங்கோ பார்த்தன. வரையாடு ஒன்று பாறையோரம் நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு கருமந்திகளைப் பார்த்தது. அந்த மரம் எவ்வளவு உயரம் என்று மிளாவும் அன்றுதான் கவனித்தது.

"கூட்டம் கரையிலேயே நடக்கட்டும்" என்று வரையாடு இறங்கத் தொடங்கியது. மற்ற ஆடுகளும் பின்னால் போயின. கருமந்திகள் காற்று வீசும் பக்கம் பார்த்துத் தாவுகிறவை, அவையும் இறங்கின. மிளா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தது. மற்ற மிளாக்களும் பன்றிகளும் மட்டும்தான் மிஞ்சின.

ஆமையை முதுகில் சுமந்து போவதாக ஓர் ஆடு சொன்னது. ஆமை வேண்டாம் என்றது. "நான் வந்து சேரும்வரை காத்திருங்கள். எனக்கு வேண்டியது அதுதான்."

காத்திருந்தன. ஆமை ஒருத்திக்காக எத்தனை நேரம், ஆரம்பித்துவிடலாம் என்று பன்றிகள் முணுமுணுத்தன. நீர்நாய் எழுந்து நின்று பல்லைக் காட்டியது. அதன்பின் முணுமுணுப்பு இல்லை. ஓடெல்லாம் கீறலோடு ஆமை கரைக்கு வந்த பிறகுதான் கூட்டம் தொடங்கியது.

அன்று உச்சியில் போட்ட சட்டம் எல்லாம் ரத்தானது. எல்லோரையும்விட மெதுவாக நடப்பவர் எங்கே வர முடியுமோ அங்கேதான் இனிக் கூட்டம் என்று முடிவாயிற்று. மிளாவின் பதவி போயிற்று. பன்றிகள் மணலை விட்டு வெளியேறின.

கலைந்து போகும்போது மிளா ஆமையிடம் வந்து, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், நான் சட்டப்படிதான் நடந்தேன் என்றது.

"சட்டமும் உன்னுடையதுதான், கூட்டமும் உன்னுடையதுதான்" என்றது ஆமை. "முட்டைகள் மட்டும்தான் என்னுடையவை." அதற்குமேல் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நீருக்குள் இறங்கிவிட்டது. அந்த வருடம் கிழக்குக் கரையில் ஒரு குஞ்சுகூட வெளியே வரவில்லை.

மக்கள் வர முடியாத இடத்தில் சபையைக் கூட்டிவிட்டு, அவர்களுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்கிறவன் ஆளவில்லை, திருடுகிறான்.