சிறிதாகியும் தெரிந்த எழுத்து

இந்தப் புதிருக்கு விடை கதைக்குள்ளேயே, எல்லார் கண்ணுக்கும் எதிரே இருக்கிறது. ஆனாலும் இதில் வரும் கெட்டிக்காரிக்கே அது வெகுநாள் தென்படவில்லை.

எழுத்துரு வரைகிறவர்கள் ஒரு தனி ரகம். உணவகத்தில் விலைப்பட்டியலை நீட்டினால் விலையைப் பார்க்கமாட்டார்கள். 'ல'வின் வளைவு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோயம்புத்தூரில் எழுத்துரு நிலையம் நடத்தும் ரெஹானாவும் அந்த ரகம்தான்.

அவள் கைக்கு வந்த வேலை, 'சமன்' என்ற பழைய எழுத்துக் குடும்பத்தைப் புதுப்பிப்பது. சமனில் அலங்காரக் கொக்கியும் குஞ்சமும் கிடையாது. கோடு எங்கும் ஒரே தடிமன். பாளையங்கோட்டை எபநேசர் இளம் வயதில் ஒரு நாளிதழுக்காக வரைந்தது. நாளிதழ்க்காரர்களுக்குப் பத்தி ஒடுக்கம், செய்தி அதிகம். ஒரு வரியில் எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவும் அடைக்கச் சொன்னார்கள். பின்னாளில் நாளிதழ் நின்றுபோனது. சமன் மட்டும் பேருந்து நிலையம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கண்ட பலகையில் எல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அனுமதி கேட்கப் போன ரெஹானாவிடம் எபநேசர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"தடிச்சது, மெலிஞ்சதுன்னு புதுசா எத்தனை வேணும்னாலும் சேத்துக்கோங்கம்மா. நான் வரைஞ்ச எழுத்துல மட்டும் ஒரு வளைவு மாறக் கூடாது. மாறிச்சுன்னா அதுக்கு சமன்னு பேரு வைக்காதீங்க."

"மாத்த மாட்டேன் சார்" என்று வாக்குக் கொடுத்தாள்.

இரண்டாவது வாக்கைத் தேனிப் பக்கம், பலகையெல்லாம் சமனில் எழுதியிருந்த ஒரு கண் ஆஸ்பத்திரியில் கொடுத்தாள். அங்கே தலைமை மருத்துவர் அன்னபூரணி கறாராகப் பேசினார்: "எங்க நோயாளிங்க யார் கையையும் பிடிக்காம அவங்க அறைக்குப் போகணும். இப்ப இருக்கற போர்டு தெரியலைங்கறாங்க. புது சமனாவது தெரியணும். இல்லேன்னா வேற எழுத்துக்கு மாறிடுவோம்." பலகைகளோ சுவரில் பதித்தவை. நீட்டவும் முடியாது, உயர்த்தவும் முடியாது. ரெஹானா அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று அங்கே ஒச்சப்பன் என்ற முன்னாள் லாரி ஓட்டுநருக்குக் கண் பரிசோதனை நடந்தது. எதிர்ச்சுவர் அட்டையில் இருந்ததும் சமன் எழுத்துதான். "ட... ப... ம... ல..." என்று கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார். வெளியே வந்தவர் நடைகூடத்துப் பலகை முன்னால் திகைத்து நின்றார். அட்டைக்கு நின்ற அதே தூரம்தான். கடைசி வரியைவிட இது பெரிய எழுத்தும்கூட.

"என்னமோ புழு ஊர்ற மாதிரி இருக்கு தாயி" என்றார். முந்தைய முறை வேறு அறை வாசலில் உட்கார்ந்திருந்து, முறை தவறி, ஊருக்குத் திரும்பியவர். "மலை ரோட்டுல போர்டு பாத்து வண்டி ஓட்டுனவன் நானு. இப்ப ஒரு ரூமுக்கு வழி கேட்டு நிக்கிறேன்."

அவர் முகம் போன போக்கு ரெஹானாவை விடவே இல்லை. எழுத்தைத் தடிக்க வைத்துப் பார்த்தாள். 'ம'வின் வயிறு அடைபட்டுப்போனது. மெலியவிட்டாள், எழுத்தே காணாமல் போனது. பெரிதாக்கினாள், பலகை கொள்ளவில்லை. சுழிகளைத் திறந்துவிட்டால் கொஞ்சம் தெரிந்தது, ஆனால் அது எபநேசரின் எழுத்தாக இல்லை.

"எழுத்தை மாத்திட்டு சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுரலாம்க்கா" என்றான் கூட வேலை செய்யும் இன்பராஜ்.

போனை எடுத்தவள் மனசு வராமல் வைத்துவிட்டாள். மறுபடி தேனிக்குப் போனாள். பரிசோதனை அறைக்குள் நுழைந்து அந்த அட்டையையே வெறித்துக்கொண்டிருந்தவள், "அட, மடச்சி!" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள்.

பழைய பலகைகள் இருந்த இடத்திலேயே, அதே அளவில் புதுப் பலகைகள் வந்தன. இன்பராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பழசைவிட எழுத்து சின்னதா இருக்கேக்கா! எப்படித் தெரியும்?"

நடைகூடத்தின் கோடியில் நின்ற ஒச்சப்பன் கண்ணை இடுக்கினார். "கண்... அழுத்தப்... பிரிவு" என்று சத்தமாகப் படித்தார். யாரையும் ஒன்றும் கேட்காமல் விறுவிறுவென்று நடந்தார்.

எபநேசரோ பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் ஒரே அளவில் அச்சிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வளைவுகூடப் பிசகவில்லை.

வாசகரே, பலகையின் அளவு அதேதான். எழுத்தின் உருவம் மாறவில்லை; அளவோ குறைந்துதான் போயிருக்கிறது. அப்படியானால் ரெஹானா மாற்றியது எதை? எபநேசருக்குக் கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றினாளா, மீறினாளா?

விடை: அவள் மாற்றியது எழுத்துகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தை. அட்டையில் எழுத்துகள் தள்ளித் தள்ளி நின்றதால் ஒச்சப்பனால் படிக்க முடிந்தது. பலகையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றதால் முடியவில்லை. எழுத்தைக் கொஞ்சம் சுருக்கி, மிச்சமான இடத்தை நடுவே பங்கிட்டுக் கொடுத்தாள். எழுத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இடைவெளி தெரியாமல் போனதுதான் இத்தனை நாள் பாடு. வாக்கு விஷயத்தைத் தீர்ப்பதற்கு நாம் யார்? எபநேசரே தொலைபேசியில் சிரித்தார்: "எழுத்துக்கு நடுவுல அந்த நெருக்கம் நான் கேட்டதில்லம்மா, பத்திரிகைக்காரங்க கேட்டது. எனக்கே அது அப்பவே பிடிக்கல. பேரு சமன்னே இருக்கட்டும்."