மூன்றாவது கிளை கேட்டவள்

அந்தக் காலத்தில், பறவைகள் நம்மைப் போலவே பேசிக்கொண்டும் சண்டை பிடித்துக்கொண்டும் இருந்தபோது, ஆட்காட்டிக் குருவியும் மற்றவர்களைப் போல மரத்தில்தான் கூடு கட்டினாள். பெரிய ஏரி ஒன்றின் நடுவே ஒரு மருதமரம் நின்றது. கொக்கு, நாரை, நீர்க்காகம், தாழைக்கோழி என்று ஏரியில் மேய்கிற அத்தனை பேருக்கும் அதுதான் வீடு. மழை பிடித்து ஏரி நிரம்பிவிட்டால் கிளைக்குக் கிளை கூடு. விடிந்ததும் எழுகிற இரைச்சல் ஏரிக்கரை தாண்டிக் கேட்கும்.

மரத்துக்கு ஒரு காவல் வேண்டும் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. பாம்பு ஏறும், உடும்பு ஏறும், விரட்டுவதற்கு வலுவான ஆள் வேண்டும் என்றார்கள். வலுவான ஆள் என்று முன்னால் வந்து நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் அண்டங்காக்கை, மற்றவன் பருந்து. ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் எல்லோரும் கூடி இவர்களில் ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். கிழக்குக் கிளையில் போய் உட்கார்ந்தால் காக்கைக்கு ஓட்டு. மேற்குக் கிளையில் உட்கார்ந்தால் பருந்துக்கு. எந்தக் கிளை அதிகமாகத் தாழ்கிறதோ, அந்தப் பக்கத்துக்காரனுக்கு அந்த ஆண்டு மரம்.

காவல்காரனுக்கும் வயிறு உண்டு. காக்கை வந்தால் முட்டையைக் குடிப்பான். பருந்து வந்தால் குஞ்சைத் தூக்குவான். இது ஒளித்து மறைத்து நடந்ததல்ல. காவலுக்குக் கூலி என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் வைத்திருந்தார்கள்.

அந்த மரத்தில்தான் மாராயி என்ற ஆட்காட்டி தன் புருஷன் சடையனோடு குடித்தனம் வந்தாள். வந்த ஆண்டு காக்கையின் ஆட்சி. அவள் முதன்முதலாக இட்ட முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தபோது காக்கை கூட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்தான். "கொஞ்சம் நகர்ந்துக்கம்மா" என்றான். அவ்வளவு மரியாதையாகக் கேட்டான். அவள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக உடைத்துக் குடித்துவிட்டு, அலகை அவள் கூட்டுச் சுள்ளியிலேயே துடைத்துக்கொண்டு போனான்.

மாராயி கொதித்துப்போனாள். அடுத்த தேர்தல் வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது. விடியுமுன் முதல் ஆளாக மேற்குக் கிளையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருப்பவர்களையும் இழுத்து உட்கார வைத்தாள். பருந்து ஜெயித்தான். அன்று அவள் தொண்டை கட்டும்வரை பாடினாள்.

முட்டைக்கு நான் பொறுப்பு என்று பருந்து சொன்ன சொல் தவறவில்லை. ஒரு முட்டையைக்கூட யாரும் தொடவில்லை. மாராயியின் குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளியே வந்தன. பஞ்சு போன்ற உடம்பும் குச்சிக் கால்களுமாக அவை கிளையில் நடை பழகிய நாளில், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பருந்து ஒரு வட்டம் போட்டு இறங்கினான். ஒன்றைத் தூக்கினான். மறுநாள் இன்னொன்று. கடைசிக் குஞ்சு அவன் நகத்தில் தொங்கியபடி அம்மா என்று கூப்பிட்டது அவள் காதில் விழுந்தது. முட்டை கூப்பிடாது. குஞ்சு கூப்பிடும். அவள் ஓட்டுப் போட்டு வாங்கிக்கொண்ட வித்தியாசம் அதுதான்.

மூன்றாவது ஆண்டு மழைக்கு முன்னால் இருவரும் மறுபடி வந்தார்கள்.

காக்கை கிழக்குக் கிளையின் நுனியில் நின்று பேசினான். "தாய்மார்களே, நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்க. என் காவல்ல யாராவது ஒரு குஞ்சைப் பறிகொடுத்தீங்களா? நடக்கிற குஞ்சைத் தூக்குற பாவத்தை நான் செய்வேனா?"

அது உண்மைதான். அவன் காவலில் குஞ்சு என்று ஒன்று பிறந்தால் அல்லவா பறிகொடுக்க.

பருந்து மேற்குக் கிளையில் சிறகை விரித்துக்கொண்டு பேசினான். "என் காலத்துல ஒரு முட்டை உடைஞ்சிருக்கா? அந்த ஓடு உடைக்கிறவன்கிட்டயா மரத்தைக் கொடுக்கப் போறீங்க?"

அதுவும் உண்மைதான். கீழே கைதட்டுவதுபோல் சிறகடித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்குக்காரர்கள் மேற்குக்காரர்களைப் பார்த்து "குஞ்சுக் கொலைகாரனுக்குக் கூஜா தூக்குறவங்க" என்றார்கள். மேற்குக்காரர்கள் திருப்பிச் சொன்னார்கள். ஒரே கிளையில் பிறந்த அண்ணன் தம்பிகள் பேச்சை விட்டிருந்தார்கள். தின்பவனைவிட, அடுத்த கூட்டுக்காரனைத்தான் ஒவ்வொருவரும் அதிகமாக வெறுத்தார்கள்.

மாராயியின் பக்கத்துக் கூட்டில் வெள்ளச்சி என்ற கொக்கு இருந்தாள். வயதில் மூத்தவள், நல்லவள், தவளை கிடைத்தால் பாதியைக் கொண்டுவந்து கொடுப்பவள். அவள் பரம்பரையாகக் கிழக்குக் கிளைக்காரி.

"இந்த வருஷம் நம்ம பக்கம் வந்துடு மாராயி" என்றாள் வெள்ளச்சி. "குஞ்சைப் பறிகொடுத்தவ நீ. உனக்கு நான் சொல்லணுமா."

"முட்டையையும் பறிகொடுத்தவக்கா நான்."

"முட்டைன்னா கொஞ்சம் தாங்கிக்கலாம். கண்ணு மூக்கு தெரியாது. மறந்துடலாம்."

மாராயி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க மறந்துட்டீங்களாக்கா?"

வெள்ளச்சி ஒற்றைக் காலை மாற்றி நின்றாள்.

"எதுக்கு இவங்க ரெண்டு பேருல ஒருத்தன்?" என்றாள் மாராயி.

"வேற யாரு இருக்கா? பாம்பு வந்தா யாரு விரட்டுறது?"

"போன மழையில பாம்பு வந்துச்சே. பருந்து எங்க இருந்தான்? மலைப்பக்கம் காத்து வாங்கிக்கிட்டு இருந்தான். நாரையும் நீர்க்காகமும் நீங்களும் நானும் சேர்ந்துதானே கொத்தி விரட்டினோம். உங்க அலகுல ரத்தம் வந்ததை நான்தானே தண்ணியில கழுவி விட்டேன். காவல் காத்தது நாமக்கா. கூலி வாங்கினது அவன்."

"அது சரிதான்" என்றாள் வெள்ளச்சி. குரல் இறங்கியிருந்தது. "ஆனா நீ எங்கயும் உட்காராம இருந்தீன்னா அது பருந்துக்குத்தான் லாபம். குஞ்சு செத்தா அந்தப் பழி உன் தலையில விழும். அதை யோசிச்சுக்க."

தின்கிறவன் தலையில் விழாத பழி தின்னக் கொடுத்தவள் தலையில் விழுமாம். மாராயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வயிற்றில் முட்டைகள் கனத்துக்கொண்டிருந்தன. அவற்றை இடுவதற்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. எந்த வாய்க்காக இவற்றைச் சுமக்கிறேன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தேர்தலில் தெரியும் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

தேர்தல் நாள் வந்தது. நடத்தி வைப்பவர் கூழைக்கடா. தொங்குகிற தொண்டைப் பையும் பெரிய அலகுமாக அவர் அடிமரத்துக்கு அருகே நின்று, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவர் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். வழக்கம் என்று ஒன்று இருந்தால் அதன்படி நடந்தாக வேண்டும், அதற்கு மேல் எதுவும் அவர் தலையில் ஏறாது.

மாராயியின் முறை வந்தது. அவள் நகரவில்லை.

"எந்தக் கிளைம்மா?" என்றார்.

"ரெண்டும் வேண்டாம் பெரியவரே. எனக்கு மூணாவது கிளை வேணும்."

கிளைக்குக் கிளை தலைகள் அவள் பக்கம் திரும்பின.

"மூணாவது கிளையா? யாருக்கு?"

"நமக்கு. முறை வச்சு நாமே காவல் காப்போம். முட்டையும் தின்னாத, குஞ்சும் தின்னாத காவல். அப்படி நினைக்கிறவங்க போய் உட்கார ஒரு கிளை வேணும். நடுவுல ஒண்ணு இருக்கில்ல, அதையே ஒதுக்குங்க."

நடுவில் அப்படி ஒரு கிளை இருந்தது. ஒல்லியானது. ஆனால் நன்றாகத் தளிர் விட்டிருந்தது. எல்லோரும் அண்ணாந்து அதைப் பார்த்தார்கள். இத்தனை காலம் அது அங்கேதான் இருந்தது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

முதலில் காக்கை சிரித்தான். "இவ பருந்தோட ஆளு. என் ஓட்டைப் பிரிக்க அனுப்பியிருக்கான்."

"இவ காக்கையோட ஆளு" என்றான் பருந்து. "போன வருஷம் என் கிளையில உட்கார்ந்துட்டு இப்ப விலை போயிட்டா."

மாராயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என் முட்டையைத் தின்னவன் நீ. என் குஞ்சைத் தின்னவன் நீ. நான் யாரோட ஆளுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

அப்போது ஒரு தாழைக்கோழி எழுந்து நடுக்கிளைப் பக்கம் இரண்டு தாவல் வைத்தாள். அவளைப் பார்த்து ஒரு நாரை கழுத்தை நீட்டினான். சின்ன அசைவுதான். காக்கை பார்த்துவிட்டான். பருந்தும் பார்த்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த மரம் அதுவரை கண்டதில்லை. காக்கை கிழக்குக் கிளையிலிருந்து எழும்பினான். பருந்து மேற்கிலிருந்து எழும்பினான். இருவரும் நடுக்கிளையில் வந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒருவன் முகத்தில் ஒருவன் காறித் துப்பியவர்கள்.

"வழக்கத்தை மாத்த யாருக்கும் உரிமை இல்லை" என்றான் காக்கை.

"அண்ணன் சொல்றதுதான் சரி" என்றான் பருந்து.

காக்கை அலகால் பட்டையைக் கிழித்தான். பருந்து நகத்தால் பிடித்து முறுக்கினான். ஒருவன் இழுக்க ஒருவன் தள்ள, அவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்தார்கள். நடுக்கிளை பச்சை நாரோடு முறிந்து தண்ணீரில் விழுந்தது. தாழைக்கோழி தலையைக் குனிந்துகொண்டு கிழக்குக் கிளைக்குப் போனாள். நாரை கழுத்தை மடக்கிக்கொண்டு, எப்போதும் உட்காரும் மேற்கிலேயே உட்கார்ந்தான்.

கூழைக்கடா தொண்டையைச் செருமினார். "இருக்கிறது ரெண்டு கிளைதாம்மா. ஒண்ணுல உட்காரு. உட்காரலைன்னா இந்த மரத்துல உனக்கு இடம் கிடையாது. வழக்கம் அப்படி."

"இடம் கிடையாதா?"

"கிடையாது."

வெள்ளச்சி கிழக்குக் கிளையிலிருந்து கெஞ்சினாள். "சும்மா பேருக்கு வந்து உட்காரு மாராயி. முட்டையை எங்கடி இடுவே?"

மாராயியின் கண்கள் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பு கண்ணோரம் வழிந்து அலகின் அடிவரை வந்துவிட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் காக்கையைப் பார்த்தாள், பருந்தைப் பார்த்தாள், பிறகு தலை குனிந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்தாள்.

"நீங்க என் பிள்ளையைத் தின்னுவீங்க. அதைத் தடுக்க இன்னைக்கு எனக்கு வலு இல்லாம இருக்கலாம். ஆனா எந்த வாயில போடணும்னு நானே கை காட்டணும்னு கேக்குறீங்க பாருங்க, அது நடக்காது. இனி எந்தக் கிளையிலயும் என் கால் படாது. என் பிள்ளைங்க காலும் படாது."

சொல்லிவிட்டு இறங்கினாள். ஏரியைக் கடந்து, கரையைக் கடந்து, ஒரு புல்கூட நிழல் தராத சரளைப் பொட்டலில் போய் நின்றாள். சடையன் மரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றான். கூட்டைப் பார்த்தான், கிளைகளைப் பார்த்தான். பிறகு அவனும் பறந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"வெயில் தாங்குமா?" என்றான்.

"தாங்கணும்" என்றாள்.

அந்த ஆண்டு காக்கைதான் ஜெயித்தான். மாராயி பொட்டலில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் முட்டையிட்டாள். சுள்ளி இல்லை, மறைப்பு இல்லை. மண்தான் இரக்கப்பட்டது. தன் நிறத்தையும் கல்லின் புள்ளிகளையும் அந்த முட்டைகளுக்குக் கொடுத்தது. நண்பகல் வெயிலில் அவள் ஏரிக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர வைத்தாள். அவள் போனபோது சடையன் முட்டைகளுக்குக் காவல் நின்றான்.

காக்கை தேடிக்கொண்டு வந்தான். தூரத்தில் அவன் நிழலைக் கண்டதுமே மாராயி கத்தினாள். அதுவரை மரத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. அங்கே காவல்காரன் வரும்போது வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை. அவள் மரியாதை பார்க்கவில்லை. வருகிறான், இதோ வருகிறான், பாருங்கள் என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே அவன் தலைக்கு நேராகப் பாய்ந்தாள். சடையன் இன்னொரு பக்கத்திலிருந்து பாய்ந்தான். தனக்கு நேராக ஒருத்தி பாய்ந்து வருவது காக்கைக்குப் பழக்கமில்லை. ஒரு முட்டையைத்தான் அவனால் தூக்க முடிந்தது. மற்றவை பொரிந்தன. குஞ்சுகள் பிறந்த அன்றே எழுந்து ஓடின. கிளையில் நடை பழகக் காத்திருக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.

ஒரு நாள் வெள்ளச்சி பொட்டலுக்கு வந்தாள். குஞ்சுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ கத்தினது கேட்டு நான் கூட்டைச் சிறகால மூடிக்கிட்டேன். என்னோடது ஒண்ணு பொழைச்சிருக்கு" என்றாள். அழுதாள்.

"அப்ப வந்துடுங்கக்கா. இங்க இடம் நிறைய இருக்கு."

வெள்ளச்சி வெறும் மண்ணையும் வெயிலையும் பார்த்தாள். "எங்களுக்கெல்லாம் மரம் இல்லாம முடியாதுடி" என்றாள். அடுத்த மழைக்கு முன்னால் அவள் மறுபடி கிழக்குக் கிளையில் போய் உட்கார்ந்தாள். தன் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

மரத்தில் இன்றைக்கும் அந்தத் தேர்தல் நடக்கிறது. ஒரு மழைக்கு முட்டை போகிறது, ஒரு மழைக்குக் குஞ்சு போகிறது. பொட்டலில் எழும் சத்தத்தைக் கேட்டு, தூங்கவிடாமல் எதற்கு இந்தச் சனியன் கத்துகிறது என்று மரத்திலிருந்தே திட்டுகிறார்கள். திட்டிக்கொண்டே கூட்டையும் மூடிக்கொள்கிறார்கள்.

மாராயி மரத்தை விட்டு இறங்கிய அன்று முதல்தான் ஆட்காட்டியின் இனத்தில் யாரும் கிளையில் உட்காருவதில்லை. கிளையைப் பற்றும் பின்விரல் அவர்களுக்குச் சூம்பிப் போய்விட்டது. அன்று முதல்தான் அவர்கள் திறந்த தரையில் முட்டையிட்டு, கண்ணோரம் ஆறாத சிவப்போடு, காக்கை வந்தாலும் பருந்து வந்தாலும் நீங்களும் நானும் போனாலும், யார் எவர் என்று பார்க்காமல், தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.